ஆறு ஓடிய பள்ளத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள்... குடும்பத்தோடு வலென்சியா!

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகர வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஊருக்கு நடுவே, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வளைந்து வளைந்து போகும் ஒரு பச்சைப் பட்டை தெரியும். பார்க்க ஆறு மாதிரியே இருக்கும். ஒரு காலத்தில் ஆறுதான். இப்போது அதில் தண்ணீர் ஓடுவதில்லை. நூற்றாண்டுகள் பழைய கல் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே சைக்கிள் பாதை, கால்பந்து மைதானம், ஆரஞ்சு மரங்கள், ஊஞ்சல், ஸ்கேட்டிங் பழகும் பொடிசுகள்.

மத்தியதரைக் கடலோரத்தில் குழந்தைகளோடு போக ஊரா இல்லை? பார்சிலோனா, நீஸ், ரோமுக்குப் பக்கத்துக் கடற்கரைகள் என்று பட்டியல் நீளம். ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா வலென்சியாவைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அங்க பசங்கள 'ஓடாத, தொடாத'ன்னு சொல்ற வேலை கம்மி." அக்கா, அத்தான், அவர்களின் 8 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்த அம்மா, நான் என ஆறு பேர், மே மாதக் கடைசியில் புதன் முதல் ஞாயிறு வரை அங்கே இருந்தோம். ஐந்து நாளில் நாங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போன இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் இலவசம். அதுவும் அந்தப் பள்ளத்தால்தான்.

ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட ஆறு

துரியா என்பது ஆற்றின் பெயர். வருடத்தில் பெரும்பாலான நாட்களில் மெலிந்து ஓடும், திடீரென்று பொங்கும். 1957 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் இரண்டு முறை வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. குறைந்தது 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு எடுத்த முடிவு கொஞ்சம் அசாத்தியமானது. ஆற்றையே தூக்கி ஊருக்குத் தெற்கே போடுவது. சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புதிய, அகலமான கால்வாய் வெட்டினார்கள். செலவில் ஒரு பங்கு ஊர்க்காரர்கள் தலையில்! வலென்சியாவிலிருந்து கடிதம் போடுபவர்கள் வழக்கமான தபால் தலையோடு 25 சென்டிமோ மதிப்புள்ள இன்னொரு தலையையும் ஒட்ட வேண்டும். இந்த வழக்கம் பல வருடங்கள் நீடித்தது.

ஆறு போய்விட்டது. ஊருக்கு நடுவே காய்ந்த பள்ளம் மிச்சம். அதில் என்ன செய்யலாம்? அதிகாரிகள் கையிலிருந்த திட்டம், நெடுஞ்சாலை போடுவது. மாட்ரிட்டிலிருந்து வரும் வண்டிகள் நேராகக் கடற்கரைக்கும் துறைமுகத்துக்கும் போய்விடலாம் என்பது கணக்கு. எழுபதுகளில் ஊர் மக்கள் குறுக்கே நின்றார்கள். ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பச்சையாக இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கோஷம். சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975-ல் இறந்தார். மறு வருடம் மன்னர் ஹுவான் கார்லோஸ் அந்த நிலத்தை நகரத்துக்கே எழுதிக் கொடுத்தார். எண்பதுகளில் பகுதி பகுதியாகப் பூங்கா வளர்ந்தது. இன்றைக்கு அது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளம், 100 ஹெக்டேருக்கு மேல் பரப்பு.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூங்கா என்றால் நமக்கு ஒரு வாசல், ஒரு டிக்கெட் கவுன்ட்டர், 'புல் மீது நடக்காதீர்கள்' பலகை. இங்கே வாசலே கிடையாது. ஊரின் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு படிக்கட்டிலோ சரிவிலோ இறங்கினால் பூங்கா. சாலை இருப்பது மேலே, பாலங்களில். அதனால் குழந்தை எவ்வளவு தூரம் ஓடினாலும் கார் குறுக்கே வராது. எங்கள் வீட்டுப் பொடியன் புல்லில் இருநூறு மீட்டர் ஓடினான். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. குழந்தை சீட்டு வைத்தது, முன்னால் பெட்டி வைத்தது என்று வகை வகையாக. நடப்பதானால் ஒரே நாளில் முழு நீளத்தையும் முடிக்கப் பார்க்க வேண்டாம். பூக்கள் பாலத்தில் (இரண்டு பக்கமும் தொட்டிகளில் பூச்செடிகள் நிரம்பிய பாலம்) இறங்கி, கடல் பக்கமாக நடந்தால் மாலை நேரத்துக்குச் சரியாக இருக்கும். மே கடைசியில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணி தாண்டுகிறது.

கலிவர் மேல் சறுக்கு

அந்தப் பாதையிலேயே வருகிறது குழந்தைகளின் கோயில். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் எழுதிய கதையில், கப்பல் உடைந்து கரை ஒதுங்கும் கலிவரைக் குள்ளர்கள் கயிறு போட்டுக் கட்டிவைப்பார்கள் அல்லவா? அந்தக் காட்சியை 70 மீட்டர் நீளத்துக்குச் செய்து ஆற்றுப்படுகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். 1990-ல் திறந்தது. கலிவரின் தலைமுடி ஒரு சறுக்கு. கோட்டு மடிப்பு ஒரு சறுக்கு. கை, கால், விரல் இடுக்கு எல்லாவற்றிலும் ஏற்றம், இறக்கம், படிக்கட்டு, கயிறு. ஏறுகிற குழந்தைகள்தான் குள்ளர்கள். தரையில் நின்று பார்த்தால் அது ஒரு மனிதன் என்றே தெரியாது, ஏதோ கலர் கலரான குன்று. முழு உருவம் மேலிருந்து பார்த்தால்தான் புரியும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. சில சறுக்குகள் செங்குத்தானவை. 4 வயதுக்காரனை அத்தான் மடியில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார். அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில், பக்கத்திலிருந்த ஸ்பானியப் பாட்டிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு குறிப்பு: வெயிலில் சறுக்கு நன்றாகவே சுடும். நீளமான பேன்ட் போட்டு விடுங்கள், காலையிலோ சாயங்காலமோ போங்கள்.

இதைக் கட்டியதில் ஓர் அழகு உண்டு. ரஃபேல் ரிவேரா என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கியவர் மனோலோ மார்ட்டின், இந்த ஊரின் மார்ச் மாதத் திருவிழாவுக்கு ராட்சத பொம்மைகள் செய்யும் கலைஞர். அந்தத் திருவிழாவில் பொம்மைகளைக் கடைசி நாள் எரித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கைகள் எரிக்காமல் விட்டுவைக்கச் செய்த பொம்மை இந்தக் கலிவர்.

எதற்கு டிக்கெட் எடுக்கலாம்?

பூங்காவின் கடல் பக்கக் கோடியில் 'கலைகள் மற்றும் அறிவியல் நகரம்' இருக்கிறது. திமிங்கல எலும்புக்கூடு, கண் இமை, போர்வீரனின் தலைக்கவசம் என்று ஆளுக்கொரு உருவம் சொல்லும் வெள்ளைக் கட்டடங்கள், சுற்றிலும் ஆழமில்லாத நீலக் குளங்கள். பெரும்பாலானவற்றை வடிவமைத்தவர் சாண்டியாகோ கலத்ரவா, இந்த ஊர்க்காரர். முதலில் போட்ட மதிப்பீட்டைவிடப் பல மடங்கு செலவு ஆனது என்று உள்ளூரில் இன்றும் பொருமல் உண்டு. ஓபரா மாளிகையின் மேல் ஒட்டியிருந்த ஓட்டுத் துண்டுகள் 2013-ல் பெயர்ந்து விழ ஆரம்பித்து, மொத்தத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வெளியே நின்று சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம். போட்டோ எடுக்க அதுவே போதும்.

உள்ளே போவதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தை இருந்தால் அறிவியல் அருங்காட்சியகம். 'தொடாமல் இருப்பது தடை' என்பதுதான் அதன் கொள்கை. பட்டனை அழுத்தலாம், சக்கரத்தைச் சுற்றலாம், கையை நுழைக்கலாம். எங்கள் வீட்டுப் பெண் இரண்டு மணி நேரம் வெளியே வர மறுத்தாள்.

சின்னக் குழந்தைகளுக்கு ஓசியனோகிராஃபிக். 2003-ல் திறந்த இது ஐரோப்பாவின் மிகப் பெரிய மீன் காட்சியகம். பெரியவர் ஒருவருக்கு 30 யூரோவைத் தாண்டும், அதனால் அரை நாளாவது ஒதுக்கிவிட்டு வாங்குங்கள். சுறாக்கள் தலைக்கு மேல் போகும் கண்ணாடிக் குகை, பென்குவின்கள், அப்புறம் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கலங்கள். அவற்றில் இரண்டுக்குப் பின்னால் ஒரு போர்க் கதை இருக்கிறது. உக்ரைனின் கார்கிவ் நகரக் காட்சியகத்தைச் சுற்றிக் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, 2024 ஜூனில் பிளோம்பிர், மிராண்டா என்ற இரண்டு பெலூகாக்களை லாரியில் ஒடேசாவுக்கும், எல்லை தாண்டி மால்டோவாவுக்கும், அங்கிருந்து விமானத்தில் வலென்சியாவுக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"அதுங்க திரும்பி வீட்டுக்குப் போகுமா சித்தி?" என்றாள் அக்கா மகள். போர் முடிந்தால் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீடும் ஒரு தொட்டிதானே! இவ்வளவு பெரிய பிராணியைத் தொட்டியில் வைப்பது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அங்கே டால்ஃபின் காட்சியும் நடக்கிறது. நாங்கள் அதற்குப் போகவில்லை. போவதும் போகாததும் அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். குழந்தைகளோடு பேசியே முடிவெடுக்கலாம், அவர்களுக்குக் கருத்து இருக்கிறது.

பூங்காவின் எதிர்க்கோடியில், மேற்கே, பயோபார்க் என்ற விலங்குப் பூங்கா. கம்பிக் கூண்டே கண்ணுக்குத் தெரியாதபடி பாறையும் நீரும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க விலங்குகள்தான் அதிகம். இரண்டில் ஒன்று போதும் என்பது என் கட்சி. இரண்டும் போனால் பட்ஜெட்டும் தாங்காது, குழந்தையின் காலும் தாங்காது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு நீதிமன்றம்

பழைய ஊர்ப் பகுதியை ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். மத்திய மார்க்கெட்டில் தொடங்குங்கள். 1928-ல் திறந்த கட்டடம். இரும்பும் கண்ணாடியும் ஓடுமாக, கூரைக்கு மேல் ஒரு கிளி காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். செர்ரி, ஆரஞ்சு, ஆலிவ், குங்குமப்பூ. இன்னொரு வரிசையில் முழுப் பன்றித் தொடைகள் தொங்கும், வலைப்பைகளில் உயிர் நத்தைகள் நகரும். சுத்த சைவமான அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழக்கடையிலேயே நின்றுவிட்டார். மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

எதிரே லா லோன்ஹா, 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பட்டு வணிகர் மாளிகை, யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். முறுக்கிய கயிறு போன்ற தூண்கள். குழந்தைகளுக்கு அதைவிடப் பிடித்தது, வெளிச்சுவரில் வாய் பிளந்து நிற்கும் விநோத உருவங்களை எண்ணும் விளையாட்டு.

வியாழக்கிழமை அங்கே இருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன்பே தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய்விடுங்கள். வட்டமாகத் தோல் நாற்காலிகள் போட்டிருக்கும். மணி அடித்ததும் கறுப்பு அங்கி அணிந்த எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். இது தண்ணீர் நீதிமன்றம். முறை மீறி மடையைத் திறந்தது, அடுத்தவர் முறைத் தண்ணீரை எடுத்தது, வாய்க்காலைத் தூர் வாராதது போன்ற வழக்குகளை இங்கேயே, வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். வக்கீல் கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம் என்கிறார்கள். 2009-ல் யுனெஸ்கோ இதையும் பட்டியலில் சேர்த்தது. காவலர் ஒவ்வொரு வாய்க்கால் பெயராகச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கூப்பிடுவார். யாரும் வராவிட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாங்கள் போன அன்று யாரும் வரவில்லை.

"அவ்ளோதானா?" என்று அத்தானுக்கு ஏமாற்றம். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. "மடைக்கு ஒரு ஆளு, முறைக்கு ஒரு கணக்கு... வழக்கு வரலைன்னா தண்ணி ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம்" என்றார்.

பசி நேரமும் பாட்டி சமாச்சாரமும்

இந்த ஊரில் குழந்தைகளோடு பெரிய சிக்கல், சாப்பாட்டு நேரம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பல உணவகங்கள் கதவைத் திறப்பதே எட்டரை மணிக்கு. ஏழு மணிக்கு ரசஞ்சாதம் கேட்டுப் பழகிய வயிறு என்ன செய்யும்? உள்ளூர்க்காரர்களுக்கு அதற்கு ஒரு வழி உண்டு: ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு கனமான டிபன். அதன் ராஜா ஓர்ச்சாட்டா.

பார்க்கப் பால் மாதிரி இருக்கும். பால் இல்லை. சூஃபா என்ற சின்னக் கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிர வைப்பது. நம்மூரில் பருத்திப்பால் எடுக்கும் அதே முறை. சூஃபா என்பது கோரை இனத்துச் செடியின் கிழங்கு. நாட்டு மருந்துக் கடைக் கோரைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் இது இனிக்கும். பாலோ முட்டையோ சேராத பானம் என்பதால் அம்மாவுக்கு நிம்மதி. இதில் முக்கிச் சாப்பிட ஃபார்த்தோன் என்ற நீளமான, சர்க்கரை தூவிய மெத்து பன். ஊருக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கும் அல்போராயா கிராமம்தான் சூஃபா விளையும் இடம். மெட்ரோவிலேயே போகலாம்.

இந்தச் சாயங்கால டிபன் சாப்பிட்டுவிட்டால் இரவு பத்து மணி வரை சதுக்கங்களில் குழந்தைகள் பந்து விளையாடுவது ஏன் என்று புரியும். தாத்தா, பாட்டி பெஞ்சில். அப்பா, அம்மா பக்கத்துக் கடை நாற்காலியில். இரவு ஒன்பதரைக்கு 'தூங்கு' என்று யாரும் அதட்டுவதில்லை. விடுமுறை முடிந்து வீடு திரும்பிய பிறகு இந்தப் பழக்கத்தை மாற்ற அக்கா பட்ட பாடு தனிக் கட்டுரை.

வயல், ஏரி, புதிய ஆறு

சனிக்கிழமை தெற்கே அல்புஃபேரா போனோம். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள பெரிய நன்னீர் ஏரி, அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே பைன் மரக்காடு. 1986 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. நகரப் பேருந்திலேயே எல் பல்மார் என்ற கிராமம் வரை போகலாம்.

மே மாதம் வயலில் தண்ணீர் கட்டி விதைக்கும் பருவம். நாங்கள் போனபோது தண்ணீருக்கு மேல் மெல்லிய பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நடவு ஆளு ஒருத்தரையும் காணோமே" என்று அம்மா தேடினார். இங்கே இப்போது நாற்று விட்டு நடுவதில்லை, நேரடி விதைப்பு. அறுவடை செப்டம்பரில். குளிர்காலத்தில் மறுபடி தண்ணீரைத் தேக்கிப் பறவைகளுக்கு விட்டுவிடுகிறார்கள்.

எல் பல்மாரில் மதியம் பயேயா. நம்மூர் ஹோட்டல் மெனுவில் இறால் மிதக்க வருவது வேறு. வலென்சியாவின் அசல் பயேயாவில் கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், நம்ம டபுள் பீன்ஸ் போன்ற பெரிய வெள்ளை பீன்ஸ், குங்குமப்பூ. விறகடுப்பில், அகலமான தட்டை வாணலியில் மெல்லிய அடுக்காகச் சோறு வேகும். பயேயா என்ற சொல்லுக்கே வாணலி என்றுதான் பொருள். அடியில் பிடித்து மொறுமொறுவென்று வரும் காந்தலுக்கு சொக்காராத் என்று பெயர், அதற்குத்தான் போட்டி. ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிடும் பெரிய மனிதர்களைப் பார்த்து அக்கா மகன் அன்று முழு உரிமையோடு தட்டைச் சுரண்டினான்.

சைவக் குடும்பங்களுக்கு: காய்கறி பயேயா பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். ஆனால் 'காய்கறி' என்று சொன்னால் மட்டும் போதாது. சோறு வேகும் தண்ணீர் இறைச்சிச் சாறா, மீன் சாறா என்று முன்கூட்டியே கேளுங்கள். பயேயா பொதுவாக இரண்டு பேருக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள், அரை மணி நேரமாவது ஆகும். போன் செய்து சொல்லி வைத்துவிட்டுப் போவது நல்லது.

திரும்பும் வழியில், பேருந்து ஒரு பெரிய பாலத்தைக் கடந்தது. கீழே நேர்க்கோடாக, ஒரு விமான ஓடுபாதை அகலத்துக்குக் காய்ந்த பள்ளம். "இது என்ன?" என்றாள் சின்னவள். இதுதான் ஆறு, இடம் மாற்றப்பட்ட துரியா.

இந்த இடத்தில் 2024 அக்டோபர் 29-ஐச் சொல்லாமல் போக முடியாது. அன்று மேற்கே மலைப்பக்கம் உள்ள சீவாவில் எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் மழை கொட்டியது. புதிய ஆறு நிரம்பி ஓடியது, ஆனால் கரை தாண்டவில்லை. நகரத்தின் நடுப்பகுதியும் நாங்கள் விளையாடிய பூங்காவும் தப்பின. அதே நேரத்தில், தெற்கே போயோ என்ற ஓடை பொங்கிப் பைபோர்த்தா, கத்தரோஹா, அல்ஃபாஃபார் போன்ற சிற்றூர்களுக்குள் புகுந்தது. செல்போன் எச்சரிக்கை வந்தபோது இரவு எட்டு மணி தாண்டியிருந்தது, அதற்குள் தெருக்களில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமல் போனவர்களை இந்த அல்புஃபேரா ஏரியிலும் தேடினார்கள்.

மறுநாளிலிருந்து நகரத்து இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாக, புதிய ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து ஆயிரக்கணக்கில் நடந்தே போனார்கள். அந்தப் பாலத்துக்கு இன்று ஒற்றுமைப் பாலம் என்று பெயர். தன்னார்வலர்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பக் கூடச் சொன்ன இடம், நாம் போட்டோ எடுக்கும் அதே வெள்ளைக் கட்டடங்களின் முற்றம். தாமதமான எச்சரிக்கைக்குப் பதில் கேட்டு மக்கள் மாதந்தோறும் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஊர்களுக்குப் போய் வேடிக்கை பார்க்கத் தேவையில்லை. ஆனால் எல் பல்மார் மாதிரியான கிராமத்தில் மதியம் சாப்பிடுவதும், படகு ஏறுவதும், அல்போராயா விவசாயியின் ஓர்ச்சாட்டாவைக் குடிப்பதும் அந்த மண்ணுக்குப் போய்ச் சேரும் காசு. அன்று மாலை ஏரியில் படகு ஏறினோம். படகோட்டி பாதி வழியில் மோட்டாரை நிறுத்தினார். சூரியன் இறங்கியது. கொக்கு ஒன்று தலைக்கு மேல் போனது. எங்கள் வீட்டு வாண்டுகள் பத்து நிமிடம் பேசாமல் இருந்ததற்கு ஐந்து சாட்சிகள் உண்டு.

கடற்கரை, டிராம், கிளம்பும் முன்

ஞாயிறு காலை கடல். நடு ஊரிலிருந்து டிராமில் மால்வாரோசா கடற்கரைக்குப் போய்விடலாம். அகலமான மணல், மெல்ல ஆழமாகும் தண்ணீர். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால், காலையில் துண்டு விரித்த இடம் மாலையிலும் அப்படியே இருக்கும். ஆனாலும் கடல் கடல்தான். காற்று அடிக்கும் நாளில் இழுக்கும். கரையில் பறக்கும் கொடி பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இந்த ஊரில் பிறந்த ஓவியர் ஹோவாக்கின் சொரோயா நூறு வருடத்துக்கு முன் வரைந்ததெல்லாம் இந்தக் கடற்கரைக் குழந்தைகளைத்தான். ஈர உடம்பில் வெயில் பட்டு மின்னும் பையன்கள். அவரை உலகம் அறியச் செய்த 1899-ஆம் வருட ஓவியத்தில் கடலுக்குள் இறங்குபவர்கள் ஊன்றுகோல் பிடித்த, நோயுற்ற சிறுவர்கள். பக்கத்தில் கைகொடுக்கும் ஒரு துறவி. இன்று கோடையில் இந்தக் கடற்கரைகளில் சக்கர நாற்காலிக்காரர்களைத் தண்ணீர் வரை கொண்டுபோகப் பலகைப் பாதையும், மிதக்கும் நாற்காலியும், உதவியாளர்களும் இருக்கிறார்கள். முட்டி வலிக்கார அம்மாவுக்கு அந்தப் பலகைப் பாதை பெரிய உபகாரம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மாட்ரிட்டில் இறங்கி அதிவேக ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோ. நாள் கணக்கில் வாங்கும் டூரிஸ்ட் கார்டில் பஸ், மெட்ரோ, டிராம் எல்லாம் அடக்கம். ஆனால் பழைய ஊருக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் தங்கினால் பாதி நாள் நடைதான், எனவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் நம் கத்திரிக்குச் சளைத்ததில்லை. ஏப்ரல், மே, அக்டோபர் தொடக்கம் சுகம்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஃபாயாஸ் திருவிழா மார்ச் 15 முதல் 19 வரை. தெருவுக்குத் தெரு மூன்று நான்கு மாடி உயரத்துக்குக் கேலிப் பொம்மைகள் நிற்கும், பார்க்கக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மார்ச் 1 முதலே தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகர மன்றச் சதுக்கத்தில் வெடிக்கும் வெடி, தீபாவளியைத் தூக்கிச் சாப்பிடும். கைக்குழந்தையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெரிய குழந்தைக்குக் காது மூடி வாங்கிவிடுங்கள். 19-ஆம் தேதி இரவு எல்லாப் பொம்மைகளையும் எரிக்கிறார்கள். பெரிய பொம்மைகளுக்குத் தீ வைக்கும்போது இரவு பத்து மணி ஆகிவிடும். குழந்தைகள் அவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு தெருவிலும் அவர்களுக்கென்றே ஒரு குட்டிப் பொம்மை செய்து, அதை எட்டு மணிக்கே எரித்துவிடுகிறார்கள்.